மூன்று நாள் பூஜ்யம்

வெள்ளிக்கிழமை காலை, நோயாளிகளின் நடைக்கணக்கைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நர்ஸ் கலா வந்து நின்றார். "ஸ்டெல்லாக்கா எறந்துட்டாங்க ரஃபி. மாரடைப்பாம்." முந்தின நாள் மதியம்தான் என் பிரியாணி டப்பாவில் பாதியைக் காலி செய்துவிட்டுச் சிரித்தவர். நான் நம்பவில்லை. கலா அழுவதைப் பார்த்துத்தான் நம்பினேன்.

மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு எங்கள் மருத்துவமனையில் நடை பழக்கியவர் ஸ்டெல்லாக்கா. வீட்டுக்குப் போனபின் அவர்கள் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்று பார்க்கக் கணுக்காலில் ஒரு பட்டை கட்டி அனுப்புவோம். அது எண்ணும் காலடிகள் போன் வழியாக என் மேசைக்கு வரும். அதைப் பதிந்து வைப்பது என் வேலை.

நம் ஜனங்களுக்கு விலையுள்ள பொருளைக் காலில் போட்டுத் தேய்க்க மனம் வராது. பாதிப்பேர் பட்டையைக் கழற்றி, பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதனால் பூஜ்யம் வந்தால் 'அணியவில்லை' என்று எழுதிவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன். அக்காவுக்கு அது ஆகாது. "பூஜ்யம் வந்தா என்னான்னு போன் போட்டுக் கேளு ரஃபி. நீயா கதை கட்டாத," என்பார். சரி சரி என்று தலையாட்டுவேன். செய்ய மாட்டேன்.

போன வருஷம், சேதராப்பட்டு அஞ்சலையம்மாளுக்கு முழங்கால் மாற்றி மூன்றாவது வாரம். நன்றாக நடந்துகொண்டிருந்தவரின் எண்ணிக்கை திடீரென்று பாதியானது. பிறகு பூஜ்யம். மூன்று நாளும் 'அணியவில்லை' என்று எழுதினேன். நான்காம் நாள் காலை அக்கா என் திரையைப் பார்த்துவிட்டார்.

"பேசினியா?"

"இல்லக்கா, பீரோல இருக்கும்."

அவரே கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. "வண்டிய எடு," என்றார்.

என் பைக்கில் தட்டாஞ்சாவடி தாண்டினோம். பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்திருந்த அவர் கை இறுகிக்கொண்டே வந்தது.

கதவு திறந்து கிடந்தது. அஞ்சலையம்மாள் கட்டிலில் முனகிக்கொண்டிருந்தார். பட்டை காலில்தான் இருந்தது, வீங்கிய சதைக்குள் புதைந்துபோய். அவருடைய கணவர் சூடான எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு கெண்டைக்காலை நீவக் குனிந்தார்.

"கைய எடுங்க! தொடாதீங்க!"

அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. பெரியவர் பதறி எண்ணெயைத் தரையில் கொட்டிவிட்டார். "நீவுனா வீக்கம் வடியும்னாங்கம்மா," என்று அழுதார்.

"உள்ள ரத்தம் கட்டியிருந்தா நெஞ்சுக்கு ஏறிடும் ஐயா. உசுரே போயிடும்."

ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் காலை யாரும் தொடாதபடி கட்டிலருகே நின்றார். நான் வாசலில் நின்று வண்டிக்கு வழி காட்டினேன்.

ரத்தக்கட்டுதான். அஞ்சலையம்மாள் பிழைத்துக்கொண்டார். மறுநாள் பெரிய டாக்டர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து, "மூணு நாளா பாக்காம விட்டது யாரு?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும். நான் கலாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான் சார். என் பேஷன்ட்," என்றார் அக்கா.

அதற்காக அவரிடமிருந்த பிரிவுப் பொறுப்பைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் என்னிடம், "இனிமேலாவது போன் பண்ணு," என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இதைப் படிக்கும் மருத்துவமனை நண்பர்களே, உங்களில் பலர் அந்தத் தவறு ஸ்டெல்லாக்காவுடையது என்றே இன்றும் நினைத்திருக்கிறீர்கள். இல்லை. மூன்று நாளும் அந்தச் சொல்லை எழுதியவன் நான். அவர் இருந்தபோதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வெட்கம்தான். அது என்னைவிட்டுப் போகாமல் இருக்கட்டும்.