லேடி என்று ஒட்டியிருந்த ஒயர்

செங்கொடிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மணலியில் அவள் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டின் லாரி டிரைவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கன்டெய்னர் கதவில் தொங்கும் சீலில் ஓர் எண்ணும் டிரைவர் நீட்டும் சீட்டில் வேறோர் எண்ணும் இருந்தால், "இன்னா நைனா இது?" என்று அடித்தொண்டையிலிருந்து ஒரு கேள்வி வரும். அதற்குமேல் அவளிடம் வாயாடி ஜெயித்தவர் யாரும் இல்லை.

அவளுக்கு பேஸ் கிடார் பைத்தியம் பிடித்தது ஷேர் ஆட்டோவில். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓடும் அந்த ஆட்டோக்களில் பின்சீட்டுக்குப் பின்னால் பெரிய ஸ்பீக்கர் ஒன்றைத் திணித்து வைத்திருப்பார்கள். பாட்டு காதுக்கு வருமுன் முதுகுக்கு வந்துவிடும். மற்றவர்கள் தலைவலி என்று டிரைவரைத் திட்டுவார்கள். இவளோ நன்றாகச் சாய்ந்துகொண்டு, பாட்டுக்கு அடியில் தும்தும் என்று ஓடும் பேஸை மட்டும் கேட்டுக்கொண்டு வருவாள். முதல் சம்பளத்தில் புடவை வாங்குவாள் என்று வியாசர்பாடி வீட்டில் காத்திருந்தார்கள். அவள் வாங்கி வந்தது புதிதாகக் கற்பவர்களுக்கென்று விற்கும் நாலு கம்பி பேஸ் கிடார். செல்போனில் வீடியோ பார்த்து, விரல் நுனித் தோல் உரிந்து உரிந்து காய்த்துப்போகும் வரை வாசித்துப் பழகினாள். கல்யாணமாகிக் காலடிப்பேட்டைக்கு வந்தபோது பீரோவோடு அதுவும் வந்தது.

அங்கேதான் அப்பாவு கண்ணில் பட்டாள். கோயில் திருவிழா, வரவேற்பு என்று வடசென்னை முழுக்கக் கச்சேரி நடத்தும் மெல்லிசைக் குழுவுக்கு அவர்தான் முதலாளி. இவளைச் சேர்த்த மறுவாரமே 'லேடி கிடாரிஸ்ட் செங்கொடி' என்று பாடகர்களின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் பேனர் வந்தது. ரெண்டு வருடம் யார்டு வேலை முடித்து ஓடி ஓடிப்போய் வாசித்தாள். காலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் அவள் வாசிப்பது அவளுக்குக் கேட்கும். ஆனால் கீழே நின்று யாராவது எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தால், இவள் விரல் ஒன்று சொல்லும், பாட்டில் வேறொன்று ஓடும். அப்பாவுவிடம் கேட்டாள்.

"உன் கிடாரு டொக்கும்மா. நல்லதா ஒண்ணு வாங்கு, அப்பால பாரு," என்றார் அவர்.

நம்பினாள். அதுதான் வயிற்றெரிச்சல். கடற்காற்றில் துருவேறிய கம்பி, லேசாக வளைந்த கழுத்து, திருகினால் கரகரக்கும் குமிழ் என்று பழைய கிடாரில் குற்றம் கண்டுபிடிப்பதும் சுலபமாகத்தான் இருந்தது. எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் ஓவர்டைம் பார்த்தாள். கடையில் விற்பனையாளர், "தம்பிக்கா மேடம்?" என்று கேட்டார். அவள் ஒரு பேஸ் கிடாரைக் கையில் எடுத்து ஒரு கம்பியைத் தட்டினாள். கனமான மரம் வயிற்றோடு சேர்ந்து அதிர்ந்தது. விற்பனையாளர் அதன்பிறகு தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தபோது, "போ சனியனே" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

மணலி புதுநகரில் ஆடித் திருவிழாக் கச்சேரி, சாயங்காலம் ஆறு மணி. புதுக் கிடாரைக் கேட்பதற்கென்றே யார்டுத் தோழி கௌசர் வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்து பெரிய ஸ்பீக்கருக்கு எதிரிலேயே நின்றாள். நாலு பாட்டு முடிந்து இடைவேளை விட்டதும் மேடைப் பக்கம் வந்தாள்.

"இன்னாடி, நீ வாசிக்கிறது ஒண்ணியும் கேக்கல. பொட்டியாண்டயே நின்னுகினு கீறேன்."

செங்கொடி கிடாரைக் கழற்றி வைத்தாள். சீல் எண் பார்க்கிறவளுக்கு எதையும் முனை வரை போய்ப் பார்த்துத்தான் பழக்கம். தன் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பிய ஒயரைப் பிடித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கினாள். எல்லாருடைய சத்தத்தையும் பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸர் மேசை வரை அது ஒழுங்காகப் போயிற்று. போய், மேசைக்குக் கீழே சுருட்டிக் கிடந்தது. எதிலும் செருகவில்லை. நுனியில் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் 'லேடி' என்று எழுதியிருந்தது. பேஸ் என்றுகூட இல்லை!

"எப்பத்லேர்ந்து?" என்றாள்.

மிக்ஸர் பார்க்கும் தாடிக்கார அஜின் தலையைக் குனிந்துகொண்டான். "மொத நாள்லேர்ந்தே சிஸ்டர்."

அப்பாவு வந்தார். "ஏம்மா டென்சன் ஆவுற? கீபோர்டுக்காரு லெப்ட் கையில பேஸ் வாசிச்சுடறாரு. நீ மேடையில நின்னா கூட்டம் நிக்கிது. அதான மேட்டரு?"

"அப்ப கிடாரு டொக்குன்னியே, அது இன்னா?"

"ஒரு பேச்சுக்கு சொன்னது. நீ நெசமாவே போயி வாங்குவேன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்தார் அவர்.

ஒரு பேச்சுக்கு! எட்டு மாத ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு வருடமாகக் காதில் பூச்சுற்றியது போதாதென்று, கேட்டதற்குச் சிரிப்பு வேறு. அவள் நேராக மேடையேறிக் கிடாரை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த பாட்டு தொடங்கியது. செங்கொடி முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். பெரிய ஸ்பீக்கரில் பேஸ் அது பாட்டுக்குத் தும்தும் என்று போய்க்கொண்டே இருந்தது. ஆடச் சொல்கிறாள் என்று நினைத்து முன்வரிசை விசிலடித்தது. அவள் கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவருக்குப் புரிந்து, பக்கத்திலிருப்பவருக்குக் காட்டி, சிரிப்பு தெரு முழுக்கப் பரவியது. பாடகர் குழம்பி நிறுத்தினார். கையை இறக்காமலே அவள் அவருடைய மைக்குக்கு முன்னால் வாயைக் கொண்டுபோனாள்.

"என் ரெண்டு கையும் மேல கீது. அப்ப இந்த சத்தம் யார்து? கேளுங்கோ!"

கீபோர்டுக்காரர் முகம் செத்து, இடது கையை எடுத்துவிட்டார். அப்பாவு அஜினைப் பார்த்துக் கத்த, அஜின் மேசைக்கடியில் குனிந்து அந்த ஒயரைச் செருகினான். பெரிய ஸ்பீக்கரில் 'டொப்' என்று ஒரு சத்தம். செங்கொடி கைகளை இறக்கி, அடிக்கம்பியை ஒரே ஒரு தட்டு தட்டினாள். கூழ் ஊற்றும் பந்தலில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. கௌசர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அன்று மிச்சமிருந்த ஒன்பது பாட்டுக்கும் செங்கொடியே வாசித்தாள். ஒரு பாட்டுக்கும் அப்பாவு பக்கம் திரும்பவில்லை.

முடிந்ததும், இனி என் பெயரை எந்தப் பேனரிலும் போடக்கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கிடாரை உறையில் போட்டாள். ஒயரைச் சுற்றிக்கொண்டே அஜின் அவள் பக்கத்தில் வந்தான். "புது கிடாரு செமையா பேசுது சிஸ்டர்."

அவள் அவன் கையிலிருந்த ஒயரைப் பிடுங்கி அந்த டேப்பை உரித்தாள். குரல் அடியிலும் அடியில் போய்விட்டது.

"பழசும் நல்லாத்தான்டா பேசிச்சு. நீங்கோ அத்தோட வாயைக் கட்டி வச்சீங்கோ. நான் அத்தப் போயி சனியனேன்னு திட்டி அனுப்பிச்சேன்."