வார்த்தை தெரியும், வாக்கியம் தெரியாது

இரண்டாவது முறையும் டோ மிங்ஷியாவை ஆங்கிலம்தான் கவிழ்த்தது. மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் மண்ணியல் தாளில் நல்ல மதிப்பெண். கணக்கிலும் குறையில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எல்லைக் கோட்டுக்கு ஒரு முழம் கீழே நின்றுவிட்டாள். ஒரு தாளில் கோட்டைத் தொடாவிட்டால் மற்றதெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான்.

முடிவு வந்த காலையில் அம்மாவின் கடையில் கூட்டம். ஷியாங்யாங் நகர மதிலின் மேற்கு வாசலுக்கு வெளியே, மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடை. அந்த ஊர்க்காரர்கள் பொழுது விடிந்ததும் காரமான நூடுல்ஸ் ஒரு கிண்ணம், அரிசி மது ஒரு கிண்ணம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கைபேசியைப் பார்த்துவிட்டு மிங்ஷியா கிண்ணங்களை அடுக்கினாள். அம்மாவுக்கு அடுக்குகிற சத்தத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"மண்ணப் பத்திப் படிக்கப் போற. நம்ம மண்ணுக்கு எதுக்குடி வெள்ளக்காரன் பாஷ?" என்று கேட்டாள் அம்மா. "அந்த உரக் கடை வேலைய விட்டிருக்கவே கூடாது நீ."

இன்னும் ஒரே ஒரு முறை என்றாள் மிங்ஷியா. போன வருஷமும் இதையேதான் சொன்னாள் என்பதை அம்மா நினைவுபடுத்தவில்லை. கொதிக்கும் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உழைப்பில் குறை என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் ஹான் நதிக்கரைக்குப் போய், சாட்டையால் பம்பரம் அடிக்கும் பெரியவர்களுக்கும் உடற்பயிற்சிக்காக வாளை வைத்துக்கொண்டு மெதுவாகச் சுழலும் பெண்களுக்கும் இடையில் நின்று உரக்க வாசிப்பாள். தேர்வுக்கான சொற்புத்தகம் நாட்டில் எல்லோரிடமும் இருப்பதுதான். அதில் முதல் சொல் 'அபாண்டன்'. கைவிடு என்று பொருள். புத்தகத்தைத் திறந்ததும் அதைப் படித்து அதன்படியே நடந்துகொண்டவர்கள் ஏராளம் என்று கல்லூரிகளில் கேலி செய்வார்கள். மிங்ஷியா அப்படியில்லை. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை மூன்று சுற்று முடித்திருந்தாள். கைபேசியில் எந்தச் சொல் தோன்றினாலும் பொருள் சொல்லுவாள்.

ஆனால் பத்தியாக வந்தால் கதை வேறு. கல்யாண வீட்டில் தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் தெரிந்த முகம். யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்டால் விழிக்க வேண்டியதுதான். அவளுக்கு ஆங்கிலப் பத்தி அப்படித்தான் இருந்தது. தெரிந்த சொற்களை ஊன்றிக்கொண்டு தெரியாத இடங்களைத் தாண்டிப் போவாள். தாண்டிய இடங்களை மனம் தானாகவே நிரப்பிவிடும்.

இதை முதலில் கண்டுபிடித்தவன் நியே ஜிங்யுவான். நகர நூலகத்தில் அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவளைவிட ஒரு வயது மூத்தவன். பாலம் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்துச் சலித்து வெளியே வந்தவன். ஒரே மேசையில் உட்கார நேர்ந்த முதல் நாள், நிங்போவில் ஒருத்தி இருக்கிறாள், இந்த முறையும் தேறாவிட்டால் தோலை உரித்துவிடுவாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அக்காவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் மிங்ஷியா. கேட்கவில்லை.

நூலகத்தில் கதவு திறந்ததும் இடத்துக்கு ஓட்டம்தான். அவன் முன்னால் வந்தால் எதிர் இருக்கையில் தன் வெந்நீர்க் குடுவையை வைத்து அவளுக்கு இடம் பிடித்து வைப்பான். சில நாள் சோயா பாலும் வாங்கி வருவான். மாலையில் இருவரும் ஒரே பத்தியை வாசித்துவிட்டு விடைகளை ஒப்பிடுவார்கள்.

ஒருமுறை ஒரு மலைக் கிராமத்தைப் பற்றிய பத்தி வந்தது. மழைக்குப் பிறகு விவசாயிகள் நிலத்தை 'ஹார்ட்லி' உழுதார்கள், சில ஆண்டுகளில் மண் தேறியது என்று இருந்தது. 'ஹார்ட்' என்றால் கடினம். ஆகவே கடினமாக உழுதார்கள், உழைப்பால் மண் செழித்தது என்று மிங்ஷியா விடை எழுதியிருந்தாள். ஐந்து கேள்வியில் நான்கு தப்பு. ஏறக்குறைய உழவேயில்லை என்பதுதான் பொருள் என்று அவன் காட்டியபோது அவளுக்குப் பத்தியின் மேலேயே கோபம் வந்தது.

"உழாம விட்டா மண்ணு எப்படித் தேறும்? படிச்சவங்க எழுதற பேச்சா இது?"

"அத எழுதினவன்கிட்ட போய்ச் சண்ட போடு," என்றான் அவன். "பரீட்சையில அவன் என்ன சொன்னான்னுதான் கேக்கறாங்க. நீ அவன் எழுதினதப் படிக்கல, மிங்ஷியா. பக்கத்துலயே உக்காந்து நீ ஒரு கத எழுதற. உன் கத நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுக்கு மார்க் கிடையாது."

அவள் சிரித்தாள். அவன் அவள் பெயரைச் சொல்லித் திட்டியது அவளுக்குப் பிடித்திருந்தது. அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் அவனைப் பற்றி இரண்டு முறை பேசினாள். அம்மா கேட்டுக்கொண்டாள்.

கோடை போய், தெரு மரங்களில் இலை பழுத்தது. இடம் பிடித்து வைப்பவன், பால் வாங்கி வருபவன், தும்மினால் ஜன்னலைச் சாத்துபவன். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மிங்ஷியா நடுவில் இருந்ததையெல்லாம் நிரப்பிக்கொண்டாள். வூஹான் கல்லூரியில் இருவருக்கும் இடம் கிடைக்கும், விடுமுறையில் ஒரே ரயிலில் ஊருக்கு வருவார்கள் என்பது வரை போயிருந்தாள்.

அந்தப் பையனைக் கடைக்குக் கூட்டிவா என்றாள் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் ஓய்ந்த பிறகு அவன் வந்தான். அம்மா அவன் கிண்ணத்தில் இறைச்சியை இரண்டு மடங்கு போட்டாள். அவன் வியர்க்க விறுவிறுக்கச் சாப்பிட்டுச் சாற்றையும் குடித்து முடித்தான். சுற்றி வளைப்பது அம்மாவுக்குத் தெரியாது.

"வீட்ல உனக்குப் பொண்ணு கிண்ணு பாக்கறாங்களா, தம்பி?"

"பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு," என்றான் அவன் வாயைத் துடைத்தபடி. "அவ நிங்போல வேல செய்யறா. பரீட்ச முடிஞ்சதும் கல்யாணத்தப் பதிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம். மிங்ஷியாவுக்குத் தெரியுமே, முதல் நாளே சொன்னேனே."

அம்மா மகளைப் பார்த்தாள். ஆமாம், சொன்னான் என்றாள் மிங்ஷியா. அது உண்மைதான். அவன் ஒன்றையும் மறைத்ததில்லை. அவன் போன பிறகு அம்மா மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தாள்.

"அவன் மேல தப்பில்லடி," என்றாள் கடைசியில்.

"தெரியும்மா. நான்தான் சரியாக் கேக்கல."

அந்த வாரம் அவள் நூலகத்துக்குப் போகவில்லை. கடையில் இஞ்சியும் வெங்காயத்தாளும் நறுக்கினாள். அடுத்த வாரம் போனபோது மாடியில், செய்தித்தாள் பகுதியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மாடியில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று ஜிங்யுவானிடம் காரணம் சொன்னாள். அவனும் நம்பினான், அல்லது நம்பியதுபோல் விட்டுவிட்டான். எதிரில் பார்த்தால் பேசிக்கொண்டார்கள்.

மாடியில்தான் அவளுடைய வாசிப்பு மாறியது. சொற்புத்தகத்தை மூடி வைத்தாள். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து ஒரு வாக்கியத்தில் நின்றாள். யார், என்ன செய்தார் என்று முதலில் தேடிப் பென்சிலால் கோடு போட்டாள். மீதி எல்லாம் தொங்கட்டான்கள். எது எதில் தொங்குகிறது என்று பார்த்தாள். 'ஆனால்', 'இல்லை', 'அரிதாக' மாதிரியான சின்னச் சொற்களை விரலால் அழுத்தி நிறுத்தினாள். தெரியாததைத் தெரியாது என்று ஓரத்தில் எழுதினாள், நிரப்பவில்லை. எரிச்சலூட்டும் வேலை. முன்பு நான்கு பத்தி வாசித்த நேரத்தில் இப்போது ஒன்றுதான் நகர்ந்தது. ஆனால் அந்த ஒன்றில் விடைகள் சரியாக வந்தன. விவசாயிகளின் பத்தியையும் திரும்ப வாசித்தாள். உழாமல் விட்டதால் வேர்களும் புழுக்களும் மண்ணைப் பிடித்துக்கொண்டன என்று மூன்றாவது வரியிலேயே எழுதியிருந்தது. போன முறை அந்த வரி அவள் கண்ணில் பட்டிருந்தது, மனதில் படவில்லை.

டிசம்பர் கடைசியில் தேர்வு. வெப்பக் கருவி இல்லாத அறை, விரல்கள் மரத்தன. வேகம் போதவில்லை. கடைசிப் பத்தியை வாசிக்காமலேயே அதன் கேள்விகள் எல்லாவற்றுக்கும் 'சி' என்று குறித்துவிட்டு எழுந்தாள். வெளியே நின்ற அம்மாவிடம் நன்றாக எழுதினேன் என்றும் சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை.

வசந்த விழா முடிந்த பிறகு முடிவு வந்தது. ஆங்கிலத்தில் கோட்டைத் தாண்டியிருந்தாள், கொஞ்சம்தான். ஆனால் அந்த வருஷம் வூஹானில் மொத்த மதிப்பெண் எல்லையே மேலே போய்விட்டது. இடம் காலியாக இருக்கும் வேறு ஊர்க் கல்லூரிகளுக்கு மாற்று விண்ணப்பம் போட்டாள். லான்ஜோவிலிருந்து பதில் வந்தது. வறண்ட நிலங்களின் மண் பற்றிய படிப்பு.

லான்ஜோ என்றதும் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. நாடு முழுக்க அந்த ஊர் மாட்டிறைச்சி நூடுல்ஸுக்குத்தானே பேர்.

"போ, படி. ஆனா அங்க போயி அவங்க நூடுல்ஸ் நல்லா இருக்குன்னு எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லாத."

ஜிங்யுவான் கணக்கில் தவறியிருந்தான். இனி எழுதப் போவதில்லை, நிங்போவிலேயே வேலை கிடைத்துவிட்டது, கல்யாணத்துக்கு வா என்று செய்தி அனுப்பினான். மிங்ஷியா ஒருமுறை வாசித்தாள். கல்யாணத்துக்கு வா என்றுதான் எழுதியிருந்தது. வாழ்த்து அனுப்பினாள், வர இயலாது என்றும் எழுதினாள்.

செப்டம்பரில் லான்ஜோ. மரமில்லாத மஞ்சள் மலைகளும் அவற்றின் நடுவே கலங்கி ஓடும் மஞ்சள் நதியும். பேராசிரியர் முதல் வாரமே உப்புப் படிந்த மண்ணைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, வாசித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார். மிங்ஷியா பென்சிலோடு உட்கார்ந்தாள். மதியத்துக்குள் ஆறு பக்கம் போனாள். ஏழாவது பக்கத்தில் எந்தச் சொற்புத்தகத்திலும் பார்த்திராத ஒரு சொல் நின்றது. பக்கத்து மேசையில் இருந்த உள்ளூர்ப் பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் தாளை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியல. இது அவங்களே கண்டுபிடிச்ச வார்த்தையா இருக்கும். வா, முதல்ல சாப்பிட்டு வரலாம்."

மிங்ஷியா அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் தெரியாது என்று எழுதிவிட்டு எழுந்தாள்.