பசித்தவரைத் தேடிய காவலாளி

புவாண்ட்-கிளேர் ஊரில் எங்கள் சரக்குக் கிட்டங்கியின் காவலாளி, ஆற்காட்டுப் பக்கத்து முஸ்லிம் பெரியவர். வெள்ளைத் தாடி, மடிப்புக் கலையாத சீருடை. மதியத்தில் சாப்பாட்டறை வாசலில் நின்று, "யாராச்சும் சாப்பிடாம இருக்கீங்களா?" என்று கேட்பார். காதில் பாட்டுக் கருவி மாட்டிய எவரும் நிமிர்வதில்லை. தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திரும்பிவிடுவார்.

"ஏன் ஐயா, தனியச் சாப்பிடமாட்டியளோ?" என்றேன்.

"வெள்ளைக்காரன் காலத்துல எங்க தாத்தா ஜமீன்தார், தம்பி. பசிச்சவங்க யாராவது கூட உட்கார்ந்தாத்தான் சாப்பிடுவாரு. எனக்கும் அதே பழகிடுச்சு. இங்க யாருக்கும் பசிக்கவே மாட்டேங்குது."

நான் அப்போதுதான் ஒரு கொத்துரொட்டியை முடித்திருந்தேன். என் தொந்தியும் பொய்க்கு ஒத்துழைக்காது. ஆனாலும், "எனக்குப் பசி உயிர் போகுது ஐயா" என்றேன்.

எனக்குப் பரிமாறிவிட்டுத் தானும் சாப்பிட்டார்.

பேந்து ஒருநாள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது வாசலில் யாரும் கேட்பதில்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் மதியத்தில் எனக்குப் பசிக்கிறது.