எங்கள் மாடியில் ஒரு நார்வே ராக் குழு

மைசூரு லட்சுமிபுரத்தில் எங்கள் வீட்டு மாடியை யோகா படிக்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று சொன்னது அப்பா. வேண்டாம் என்று சொன்னது நான். அம்மா போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அப்பா ரயில்வேயில் ஓட்டுநர்களுக்கும் கார்டுகளுக்கும் டியூட்டி போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது டியூட்டி போட யாரும் இல்லாமல் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மாடியில் ஒரு ஆள் நடமாட்டம் இருந்தால் அவருக்கும் நல்லதுதானே என்று கடைசியில் நானும் சம்மதித்தேன். அப்படிச் சம்மதித்ததற்காக அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் எத்தனை முறை என்னையே திட்டிக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வந்தவன் நார்வேக்காரன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், முப்பத்திரண்டு. முதுகுவரை முடி. மாடிக் கதவு நிலை அவன் உயரத்துக்குப் போதாது. வந்த அன்று தலையை இடித்துக்கொண்டான், கிளம்பிய அன்றும் இடித்துக்கொண்டான். ஒரு ஹார்ட் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன் என்றும், அதையெல்லாம் மறக்கத்தான் யோகாவுக்கு வந்திருப்பதாகவும் சொன்னான். மறக்க வந்தவன் அதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை.

அவன் ஊர் வடக்கே ஒரு சின்னத் துறைமுகம். அவனும் அவனுடைய பள்ளித் தோழன் ஒருவனும் சேர்ந்து ஆரம்பித்த குழு அது. தோழன் கிதார். முதலில் பாடியவன் திடீரென்று பக்திமானாகி, இது சாத்தானின் இசை என்று சொல்லிவிட்டு தேவாலயத்துக்குப் போய்விட்டான். இரண்டாவது பாடகனுக்கு நல்ல குரல். ஒத்திகைக்குத்தான் வர மாட்டான். கீபோர்டு வாசித்தவன் கடலில் எண்ணெய் எடுக்கும் வேலைக்குப் போனான். மூன்றாவது பாடகன் ஸ்வீடன்காரன். அவன் வந்ததும் குழுவுக்குப் பெயர் கிடைத்தது, கூடவே சண்டையும் வந்தது. அந்தச் சண்டையில் தோழன் பாடகன் பக்கம் நின்றான். ஒரு நாள் காலையில் தொலைபேசியில் இவனைக் கூப்பிட்டு, வேறு டிரம்மர் பார்த்துக்கொண்டோம் என்றார்கள்.

"நான் ஆரம்பிச்ச குழு. என்னையே வெளிய அனுப்பிட்டாங்க" என்பான். காலையில் காப்பியின்போது ஒரு முறை, மாலையில் ஒரு முறை. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். புகார் சொல்வதற்கு அவனுடைய ஆங்கிலம் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

எனக்கு இரண்டே வாரத்தில் அலுத்துவிட்டது. அப்பாவுக்கு அலுக்கவில்லை. அம்மா போன பிறகு அவர் ஒரு விஷயத்தை முழுசாகக் கேட்டு, திரும்பக் கேள்வி கேட்டது அப்போதுதான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, எந்த வருடம் யார் பாடினார்கள், யார் கிதார், யார் பேஸ் கிதார் என்று டியூட்டி அட்டவணை மாதிரி எழுதிவைத்தார்.

"ஸ்டாண்ட்பை ஆள் வைக்காம எப்படிப்பா வண்டிய எடுத்தாங்க?" என்று அவனிடம் கேட்டார்.

"அதையேதான் நானும் சொன்னேன்!" என்று அவன் மேசையைத் தட்டினான்.

தட்டுவதுதான் பெரிய தொல்லை. டிரம்ஸ் கிடையாது, ஆனால் விரல் சும்மா இருக்காது. மேசை, மாடிக் கைப்பிடிச் சுவர், சாப்பிடும் தட்டு, எதுவும் தப்பவில்லை. நான் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் தலைக்கு மேலே டக்டக் டகடக் என்று ஆரம்பித்துவிடும். மேலே போய்க் கத்துவேன். மன்னிப்புக் கேட்பான். கால் மணி நேரம் அமைதி. பிறகு மறுபடியும்.

மூன்று மாதம் முடிவதற்கு முன்பே நார்வேயிலிருந்து கடிதம் வந்தது. புது டிரம்மர் சரியில்லை, திரும்பி வா என்று. இரண்டே நாளில் மூட்டை கட்டினான். யோகா பாதியில் நின்றது. போகட்டும் என்று நான் மாடியை நன்றாகக் கழுவிவிட்டேன்.

அடுத்த வருடம் தீபாவளிக்கு முன்பு வாசலில் வந்து நின்றான். ஸ்வீடன்காரன் போய்விட்டானாம், புதுப் பாடகன் வந்தானாம், அவனுக்கும் இவனுக்கும் ஆகவில்லையாம். மறுபடியும் வெளியே.

அப்பா உள்ளே போய் அட்டவணையை எடுத்துவந்தார். "பேர் அப்புறம் போட்டுக்கறேன். நாலாவது பாடகர்னு எழுதிக்கறேன். எந்த மாசம் சேந்தாரு?"

"அப்பா, பிடுப்பா!" என்றேன். விடுப்பா என்பதுதான்; வீட்டில் கோபம் வந்தால் எங்களுக்குக் கன்னடமும் சேர்ந்தே வரும்.

"உனக்கென்னம்மா? பாவம் அவன்" என்றார் அப்பா.

அந்த முறை அவனுக்கு டைபாய்டு வந்தது. எங்கேயோ தண்ணீர் குடித்திருக்கிறான். பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் பதினோரு நாள் கிடந்தான். பள்ளிக்குப் போகும் வழியில் கஞ்சி, திரும்பும் வழியில் இளநீர் என்று நான் அலைந்தேன். அந்தச் சமயம் பார்த்து அவன் பெயருக்கு ஒரு பார்சல். தபால் அலுவலகத்துக்கு இரண்டு நடை நடந்து, அவன் கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டி வாங்கிவந்தேன். உள்ளே ஒரு காசெட், ஒரு துண்டுச் சீட்டு. அனுப்பியவன் அந்தக் கிதார் தோழன். சண்டை போட்டு வெளியே அனுப்பியவனுக்கே புது மெட்டை அனுப்பிக் கருத்துக் கேட்கிறான். இவர்களுடைய பகையும் எனக்குப் புரியவில்லை, நட்பும் புரியவில்லை.

காய்ச்சல் நூற்றிமூன்றில் இருந்தபோது அதைப் போடு போடு என்று அனத்தினான். அவனுடைய வாக்மேனில் போட்டு, ஒரு காதுக்கு அவன், ஒரு காதுக்கு நான் என்று வைத்துக் கேட்டோம். பாட்டு இல்லை. கிதார் மட்டும், கூடவே யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுகிற மெட்டு. ஆரம்பத்தில் ஒரு இருமல், பின்னால் எங்கோ ஒரு நாய் குரைப்பு. நாலு நாள், தினம் இரண்டு முறை அதைக் கேட்க வேண்டியிருந்தது. காய்ச்சல் விட்டதும் அவன் அதைக் கேட்கவில்லை. நானும் காசெட்டைப் பையில் போட்டு அவன் அறையில் வைத்துவிட்டேன்.

உடம்பு தேறிய பிறகு ஒரு நாள் மாடியிலிருந்து அதே மெட்டு இறங்கிவந்தது. விசிலில் வந்தது, முனகலில் வந்தது, தட்டலோடு வந்தது. நடுவில் ஒரு இடத்தில் வேகத்தை மாற்றினான், கடைசியில் கொஞ்சம் நீட்டினான். இரண்டு மாதம் காலையும் மாலையும் அதுதான். தோழன் அனுப்பியதற்குத் தாளம் சேர்க்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கத் தோன்றவில்லை. நிறுத்தினால் போதும் என்றிருந்தது.

ஊர் திரும்பினான். சமாதானமாகிச் சேர்ந்துகொண்டான். அந்த மெட்டுக்குச் சொல் போட்டு ஒரு பாட்டு வெளிவந்து, அவர்கள் நாட்டில் நன்றாக ஓடியதாக எழுதினான். அப்பாவுக்கு ஒரு காசெட் வந்தது. அப்பா முழுசாகக் கேட்டுவிட்டு, "சத்தம் ஜாஸ்தி. ஆனா நம்ம பையன் அடிக்கறது தனியா தெரியுது" என்றார்.

பிறகு குழு இரண்டாக உடைந்தது. இவன் ஒரு பக்கம், தோழன் ஒரு பக்கம். அடுத்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஸ்ரீரங்கப்பட்டணம் கோயிலுக்குப் போயிருந்தபோது, முந்தின நாள் வந்து பிரிக்காமல் கிடந்த தடித்த உறையைப் பிரித்தேன். நார்வே வக்கீல் ஒருவர் எழுதியிருந்தார். அந்த மெட்டு யாருடையது என்று வழக்கு. தன் கட்சிக்காரர் உங்கள் வீட்டு மாடியில் தங்கியிருந்தபோது அதை உருவாக்கினார் என்பதை நீங்கள் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். கூடவே அவன் கையெழுத்தில் ஒரு வரி: "தினமும் நிறுத்து நிறுத்து என்று கத்தினாயே, உன்னைவிட நல்ல சாட்சி எனக்கு யாரும் இல்லை."

இத்தனை நாள் நான் அலட்சியமாக விட்ட ஒன்று அப்போதுதான் உறைத்தது. அவன் பொய் சொல்லவில்லை. காய்ச்சலில் கேட்டது அவனுக்கு நினைவில்லை. மெட்டு மட்டும் உள்ளே தங்கிவிட்டது. அது தனக்குள்ளிருந்தே வந்தது என்று மனசார நம்புகிறான்.

மாலையில் வந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டார்.

"உனக்கு நல்லா ஞாபகம் இருக்கா?"

"நாலு நாள் கேட்டிருக்கேன்ப்பா."

"பதிலே போடாம விட்டுட்டா? தபால் கெடைக்கலன்னு நெனச்சுக்கட்டும்."

"அப்ப அந்த இன்னொருத்தன்? அவன் மெட்டுதானே அது?"

"அவன நமக்குத் தெரியாதேம்மா. இவன் நம்ம வீட்ல இருந்தவன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டியூட்டிக்கு வராதவனுக்கு வந்ததாக என்றைக்காவது குறித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அப்பா கால் கழுவப் போய்விட்டார். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. உலகத்தின் வேறு மூலையில் இரண்டு தடியர்கள் ஒரு மெட்டுக்குச் சண்டை போட, லட்சுமிபுரத்தில் அப்பாவும் மகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் எழுதினேன். வக்கீலுக்கு அல்ல, அவனுக்கு. பார்சல் வந்தது, நான் வாங்கிவந்தது, காய்ச்சலில் அவன் கேட்டது, எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, இதைத் தவிர வேறு எதையும் என்னால் உறுதிசெய்ய முடியாது என்று முடித்தேன். அப்பா அதை வாங்கிப் படித்தார். தானே போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

ஐந்து வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. குரலில் கோபம் கொதித்தது.

"நீ தப்பா சொல்ற. அவன் வேற ஏதோ மெட்டு அனுப்பியிருப்பான். எனக்கு அப்படி ஒரு காசெட்டே ஞாபகம் இல்ல."

"உனக்கு ஞாபகம் இருக்காதுன்னுதான் எழுதியிருக்கேன். நூத்திமூணு டிகிரி காய்ச்சல். என்னை நர்ஸ்னு நெனச்சுக் கூப்பிட்ட."

"ஆதாரம் என்ன?"

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல. கேட்டதைச் சொல்றேன். முதல்ல ஒருத்தர் இருமுவார். அப்புறம் கிதார். பின்னாடி ஒரு நாய் குரைக்கும், மூணு தடவ. குரல் கரகரன்னு இருக்கும், வயசான நாய் மாதிரி."

அவன் குரலிலிருந்த கோபம் இறங்கிவிட்டது.

"அது அவனோட நாய்" என்றான். "அந்தக் குளிர்காலத்துல செத்துப்போச்சு. குழு ஆரம்பிச்ச புதுசுல நாங்க ரெண்டு பேரும் போய்த் தூக்கிட்டு வந்தது." பிறகு தொலைபேசியை வைத்துவிட்டான்.

வழக்கை அவன் திரும்பப் பெற்றுக்கொண்டான். அதை வக்கீல்தான் எழுதினார். அவனிடமிருந்து ஒன்றரை வருடம் ஒரு வரி இல்லை. அப்பா தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பார். என்னைக் குறை சொல்லவில்லை. நிற்பதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருந்தது. செய்தது சரி என்று தெரிந்தும் தப்புச் செய்தவள் மாதிரி வீட்டுக்குள் நடமாட வேண்டியிருந்தது.

தொண்ணூற்றெட்டு டிசம்பரில் ஒரு பகலில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேர். இவன் முடியை ஒட்ட வெட்டியிருந்தான். கூட வந்தவன் குள்ளம், வழுக்கை, மூக்குக் கண்ணாடி. தபால் அலுவலக குமாஸ்தா மாதிரி இருந்தான். அவன்தான் அந்தக் கிதார்த் தோழன் என்றபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. மறுபடியும் சேர்ந்துவிட்டார்களாம். ஐந்தாவது பாடகனும் போய்விட்டதால் ஆறாவது பாடகனைத் தேடுகிறார்களாம். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இரண்டு பேருக்கும் தட்டு வைத்தேன். சாம்பாரில் கை வைப்பதற்குள் பாடகன் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் மொழியில் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் கிதார்க்காரன் என் அருகில் வந்து நின்றான். கூச்சப்பட்டவன் போல இருந்தான்.

"நீங்க எழுதின கடிதத்த இவன் எனக்குக் காட்டினான். ரொம்ப நன்றி" என்றான். பிறகு, "அந்த மெட்டு உங்களுக்குப் பிடிச்சுதா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றேன். "மன்னிச்சுக்கங்க. எனக்கு அது தலைவலி."

அவன் சிரித்தான். "எனக்கும்தான். அந்தப் பாட்டே எனக்குப் பிடிக்கல. இவனுக்கும் பிடிக்காது. மேடைக்கு மேடை அதத்தான் கேக்கறாங்க, என்ன பண்றது?"

நான் இவனைப் பார்த்தேன். இவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

பிடிக்காத பாட்டுக்கா வழக்கு, வக்கீல், ஒன்றரை வருட மௌனம்? வாய்வரை வந்தது. கேட்டால் இன்னும் ஒரு மணி நேரம் பதில் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

நாலு நாள் இருந்தார்கள். ஆறாவது பாடகன் கிடைத்ததாகப் பிறகு கடிதம் வந்தது. அதற்கடுத்த கடிதத்தில், அவனும் போய்விட்டதாக இருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எந்த மாதம் என்று எழுதியிருக்கிறானா என்று கேட்டார். எழுதவில்லை என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் நான் கிளம்பினேன்.