பதினான்காவது நாற்காலி

போன வாரம் என் மகளுக்கு ஒரு பார்சல் வந்தது. மிக்ஸி வைக்கலாம், அவ்வளவு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு ஜோடி தோடு. அவள் தோட்டைப் பார்த்தாள், நான் டேப்பைப் பார்த்தேன். நடுவில் ஒரு ஒட்டு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஒட்டு, அவ்வளவுதான் ஒரு பெட்டிக்கு வேண்டியது. இதை ஒட்டிய புண்ணியவான் அடிபட்ட காலுக்குக் கட்டுப்போடுவதுபோலச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தான்.

"இதெல்லாம் ஒரு பேக்கிங்கா?" என்றேன்.

"அப்பா, ப்ளீஸ், ஆரம்பிக்காதீங்க."

அவளிடம் ஆரம்பிக்கவில்லை. உங்களிடம் ஆரம்பிக்கிறேன். டேப்பைக் கிழித்ததும் ஒரு பசை வாசனை வந்ததே, அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு இருப்பது சிரமம்.

அது சவூதி தம்மாம் வாசனை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்களின் வீட்டுச் சாமான்களைக் கட்டிக் கப்பலேற்றும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பேக்கிங் சூப்பர்வைசர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். பேனா என் கையில் இருக்கும், டேப் மற்றவர்கள் கையில் இருக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். சாயங்காலம் கேம்ப்புக்குப் போனால் எல்லோருக்கும் ஒரே ரூம். ஆறு இரும்புக் கட்டில், ஆறு பேர், ஒரு ஜன்னல். சாப்பிடுவது, துணி மடிப்பது, ஊருக்குப் போன் பேசுவது எல்லாம் கட்டிலில்தான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். பயப்படுவதில் நான் அப்போதே சீனியர். ரூமைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். ஒருநாள் மூன்றாவது இழுப்பில் பூட்டு கையோடு வந்துவிட்டது. கவலைப்பட்டது வீண்போகவில்லை என்று அன்றைக்கு ஒரு திருப்தி.

அந்தத் தொழிலில் பயந்தவனுக்குத் தீனி போடுவது லிஸ்ட். பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு சாமானையும் பெயர் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'சமையலறைச் சாமான்கள், பலவகை' என்று சுருக்கமாக எழுதிவிட்டேன். அந்தப் பெட்டியில் ஒரு கேக் தட்டு காணோம் என்று புகார் வந்து, மலையாளி மேனேஜர் குரியன் சார் என்னை நிற்கவைத்துக் கேட்டார். "பலவகை எந்நால் என்ன? அது ஒரு சாமானா? ஸ்பூன் எந்நால் ஸ்பூன் எழுது. எண்ணி எழுது." அன்றிலிருந்து குப்பைக்கூடையைக்கூட நிறம் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

இந்த நிலையில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். அதற்கு முந்தைய வியாழக்கிழமை விமானம். பாஸ்போர்ட் குரியன் சாரின் மேசை டிராயரில். புதன்கிழமை அதில் போய்த் திரும்பும் விசா குத்தி வாங்கிவிட்டால் நான் மாப்பிள்ளை. இல்லாவிட்டால் வெறும் சூப்பர்வைசர். பெண்ணோடு போன் கார்டு தேய்த்து இரண்டே இரண்டு முறை பேசியிருந்தேன். இரண்டு முறையும் "லீவு உறுதிதானே?" என்று அவள் கேட்டாள். என் குரலிலேயே ஏதோ தெரிந்திருக்கவேண்டும்.

விமானத்துக்கு முந்தைய சனிக்கிழமை ஒரு மேடத்தின் வில்லாவில் வேலை. சோபா, கட்டில், பீரோ எல்லாம் மதியத்துக்குள் முடிந்தது. கடைசியாக ஒரு போர்வையை விலக்கிக் காட்டினார். பொம்மை வீடு. என் மார்பு உயரம், மூன்று மாடி, முகப்பே இரண்டு கதவாகத் திறக்கும். நூறு வருஷத்துக்கும் மேல் பழையதாம். உள்ளே விரலகல இடம் பாக்கியில்லாமல் சாமான். கண்ணாடித் தொங்கல்கள் வைத்த சரவிளக்கு, திரைச்சீலை போட்ட கட்டில்கள், சிவப்பு வெல்வெட் தைத்த சாப்பாட்டு நாற்காலிகள் பதினான்கு, கட்டை அழுத்தினால் சத்தம் வருகிற பியானோ, சமையலறையில் பட்டாணி அளவுக்குச் செம்புப் பாத்திரம்.

இங்கிலாந்தில் இருந்த ஒரு பெரிய மாளிகையின் அச்சு இது என்றார் மேடம். அந்த மாளிகைத் தச்சர் எஜமானின் மகளுக்காகச் செய்தது. அந்தத் தச்சர் மேடத்தின் முன்னோர். மாளிகையை இடித்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டதாம். "அந்த வீடு இருந்ததற்கு இது மட்டும்தான் சாட்சி. ஒரு கரண்டிகூடத் தொலையக்கூடாது" என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். நான் லிஸ்டுக்கு இன்னும் இரண்டு தாள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வீட்டில் குடியிருந்த பொம்மை மனிதர்களை அவரே கைப்பையில் எடுத்துக்கொண்டார். குடும்பம் விமானத்தில், சாமான் கப்பலில். பொம்மைகளுக்கும் அதுதான் முறை.

என்னோடு கட்டியவன் ஜெயபால். முதுகுளத்தூர்ப் பக்கம். என் வயசுதான், என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில். முட்டையைக்கூட நியூஸ்பேப்பரில் கட்டி மாடியிலிருந்து போடலாம், உடையாது, அப்படிக் கை. அந்தக் கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது.

"மாப்ள, சீரா இதையே கேட்டு வாங்கியிருக்கலாம்ல? கட்டிலு, பீரோ, பியானோ வரைக்கும் இருக்கு. லக்கேஜுல இருபது கிலோகூட வராது."

"எண்ண விடுடா."

"எண்ணு, எண்ணு. பொண்டாட்டி வந்தா அவ எண்ணுவா."

உச்சியில், கூரையைப் பெட்டி மூடிபோலத் தூக்கினால், வேலைக்காரர்களின் அறை. வேறெங்கும் கம்பளமும் ஓவியமுமாக இருக்க, அங்கே ஆறு இரும்புக் கட்டில்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒரு குட்டி ஜன்னல். ஜெயபால் தலையை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தான்.

"என்னடா?"

"நம்ம ரூம்பு மாப்ள. அந்தக் கடைசிக் கட்டிலு உன்னுது."

நான் சிரிக்கவில்லை. செம்புப் பாத்திரம் முப்பத்தொன்றா முப்பத்திரண்டா என்ற கவலை. ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதினேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'பொம்மை வீடு - 1' என்று தலைப்பு. அதற்கடியில் சாமான்கள். பக்கம் நிறைந்தது. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். சாப்பாட்டு மேசை ஒன்று, நாற்காலி பதினான்கு, பியானோ ஒன்று, இரும்புக் கட்டில் ஆறு, குளியல் தொட்டி இரண்டு. ஸ்பூன் என்றால் ஸ்பூன். குரியன் சார் பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவரிடமிருந்து போன். கட்டிப்பிடிக்கும் குரலாக இல்லை.

"எடோ, பியானோ எவிடே?"

"எந்த பியானோ சார்?"

"அதுதான் போர்ட்டுல கேக்குன்னது! லிஸ்டுல ஒரு மாளிகை முழுக்க எழுதியிருக்கு. அங்க நிக்குன்னது ஒரு பெட்டி!"

நடந்தது இதுதான். தலைப்பு முதல் பக்கத்தோடு நின்றுவிட்டது. மற்ற இரண்டு பக்கத்திலும் 'பொம்மை' என்று ஒரு சொல் கிடையாது. மூன்றும் தனித்தனியாக அரபியில் டைப்பாகிப் போனபோது, ஒரு பணக்கார வீட்டின் மொத்தச் சாமானும் ஃபிரிட்ஜ் அளவுள்ள ஒரே பெட்டியில் அடங்கியிருப்பதாக அதிகாரி படித்திருக்கிறார். அப்படியானால் மீதிச் சாமான் எங்கே, யார் எடுத்தது, யார் கையெழுத்து? கையெழுத்து என்னுடையது. தெளிவாக வேறு போட்டிருந்தேன்.

"நீ போ. திறந்து காட்டு. லிஸ்ட் சரியாகாமல் உன் பாஸ்போர்ட் ஸ்டாம்பிங்குக்கு அனுப்பான் பற்றில்ல, முடியாது. கையொப்பிட்ட ஆள் ஊருக்குப் போயால் நான் யாரைக் காட்டும்?"

துறைமுகம் போகிற அரைமணி நேரத்தில் முழுக் கல்யாணத்தையும் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை என் சீட் காலியாகப் பறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் "மாப்பிள்ளைய அழைச்சிண்டு வாங்கோ" என்கிறார் ஐயர். அப்பா எழுந்து சபைக்கு விளக்குகிறார்: "பையன் ஒரு பியானோவைத் தேடிக்கொண்டிருக்கிறான்." ஜெயபால் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே வந்தான்.

அதிகாரி இளைஞர். சிரிக்காத இளைஞர். ஷெட்டின் நடுவே எங்கள் பெட்டி நின்றது. தாளைத் தட்டி, "வேன் பியானோ?" என்றார். எங்கே பியானோ. எனக்குத் தெரிந்த அரபி எல்லாவற்றையும் திரட்டி, "பியானோ கபீர் மாஃபி. பியானோ சகீர்" என்றேன். பெரிய பியானோ இல்லை, சின்ன பியானோ. அவர் முகத்தில் நம்பிக்கை சகீராகக்கூடத் தெரியவில்லை.

பெட்டியைப் பிரித்தோம். வீட்டை நிறுத்தினோம். டிஷ்யூ பேப்பர் உருண்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, சாமானை அதனதன் அறையில் வைக்க வைக்க அவர் லிஸ்டில் டிக் போட்டார். மேல் அறையை ஜெயபால் பார்த்துக்கொண்டான். கட்டில் ஆறு, டிக், அவனே கூரையை மூடினான். டேப் தீர்ந்துவிட்டதென்று அவன் லாரிக்குப் போனான். பியானோ வந்ததும் அதிகாரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சுண்டுவிரல் நகத்தால் ஒரு கட்டையை அழுத்தினார். கொசு பாடுவதுபோல ஒரு சத்தம். முகம் லேசாகத் தளர்ந்தது. நான் கல்யாணப் பந்தலில் மறுபடி ஏறி உட்கார்ந்தேன்.

அப்புறம் சாப்பாட்டு அறை. எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"தலத்தாஷ்" என்றார். பதின்மூன்று.

நானும் எண்ணினேன். மேசைக்கு இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஆறு. இந்தத் தொழிலில் குட்டிச் சாமான் தொலைவது ஒரே வழியில்தான்: சுற்றிய பேப்பரோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். ஷெட்டின் மூலையில் இருந்த குப்பைத் தொட்டிக்குள் அவிழ்த்த பேப்பரையெல்லாம் போட்டது நானேதான். உள்ளே இறங்கினேன். என்னுடைய பேப்பர் மட்டும் இருந்தால் பரவாயில்லை, துறைமுகமே அங்கேதான் சாப்பிட்டுவிட்டுப் போட்டிருந்தது. ஒவ்வொரு உருண்டையாகப் பிரித்து உதறினேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தொழுகைக்கு ஷெட்டை மூடுவார்கள், அதற்குப்பின் அவர் டூட்டி முடிகிறது. மேடத்தின் கண் ஞாபகம் வந்தது. 'ஒரு கரண்டிகூட.' போனது கரண்டியில்லை, நாற்காலி. உதறிய பேப்பரையே மறுபடி எடுத்து உதறினேன்.

"மாப்ள, நலுங்கா?" ஜெயபால் டேப்போடு மேலே நின்றான்.

"டேய், நாற்காலி ஒண்ணு காணோம்டா! பதிமூணுதான் இருக்கு!"

"அதுவா? அத மேல வச்சிருக்கேன்ல."

"மேலன்னா?"

"வேலக்காரய்ங்க ரூம்புல. அன்னைக்கே அங்கதான் சேத்துக் கட்டுனேன். இப்பவும் வச்சுட்டேன்."

நான் தொட்டிக்குள்ளிருந்தே கத்தினேன். "லிஸ்ட்ல டைனிங்னு எழுதியிருக்கேனேடா! ஏன்டா வச்ச?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் குற்றமே இல்லை. "ஆறு பேரு இருக்க ரூம்பு. உக்கார ஒண்ணு வேணாமா?"

கூரையைத் தூக்கினோம். ஆறு கட்டிலுக்கு நடுவே, சிவப்பு வெல்வெட் நாற்காலி, ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, இது எப்படி இங்கே என்பதுபோலக் கையை விரித்தார். "சித்தா நஃபர்" என்றேன். ஆறு ஆள். "குர்சி மாஃபி." நாற்காலி இல்லை. அவர் ஜெயபாலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பதினான்குக்கு டிக் போட்டு, "கலாஸ்" என்று முத்திரையைக் குத்தினார், முடிந்தது.

திரும்பக் கட்டும்போது நாற்காலி என் கையில் இருந்தது.

"இத எதோட கட்ட?"

"லிஸ்டுல டைனிங்குன்னுதான போட்டிருக்க? அதோட கட்டு. நமக்கெதுக்கு வம்பு" என்றான் ஜெயபால், என்னைப் பார்க்காமல்.

ஸ்பூன் என்றால் ஸ்பூன் என்று எழுதுகிற நான் அதை இரும்புக் கட்டில்களோடு சேர்த்துக் கட்டினேன். லிஸ்டைத் திருத்தவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசிக்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை விசா குத்தியாயிற்று, வியாழக்கிழமை பறந்தேன். தாலி கட்டப் போகும் நேரத்தில் யாரோ, "அந்த நாற்காலிய எடுங்கப்பா" என்று சத்தம் போட, என் கை நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. இன்றுவரை அந்தத் தயக்கத்துக்குக் கணக்குக் கேட்கிறாள்.

லீவு முடிந்து திரும்பிப் போன சில வாரத்தில் குரியன் சார் கூப்பிட்டார். "ஆ மேடத்தின் மெயில். பொம்மை வீடு பேக் செய்தது யாரு?"

"ஜெயபால், சார்" என்றேன், ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

அவர் படித்தார். "எல்லாம் பத்திரமாக வந்தது. ஒரு சாப்பாட்டு நாற்காலி மட்டும் வேலைக்காரர்கள் அறைக்குப் போயிருக்கிறது. நிஜ மாளிகையில் அந்த அறைக் கட்டில் ஒன்றில்தான் தச்சரான என் முன்னோர் படுத்திருந்தார். நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டேன். வைத்தவருக்கு நன்றி சொல்லுங்கள்."

"நானும்தான் சார் கூட இருந்தேன்" என்று உடனே சேர்த்துக்கொண்டேன்.

ஜெயபாலிடம் சொன்னபோது அவன் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். "வெள்ளக்காரம்மா வெவரமானதுதான்" என்றான், அவ்வளவுதான். பிற்பாடு குவைத்துக்கு மாறிப்போனான். ஃபர்வானியாவிலிருந்து இரண்டு வருஷம் போன் வந்தது. அப்புறம் அந்த எண்ணில் வேறு யாரோ அரபியில் எடுத்தார்கள். கம்பெனியும் இப்போது இல்லை, கேம்ப்பை இடித்துத் தரையாக்கிவிட்டார்களாம்.

என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நான்கு நாற்காலி. எண்ணாமல் நான் உட்காருவதில்லை. மூன்றுதான் இருந்தால், ஒன்றை மகள் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். கத்துவதற்கு வாய் வரை வரும், திரும்பிவிடுவேன்.

எங்கள் ரூம் எப்படி இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. யாராவது பார்க்கவேண்டுமென்றால் இங்கிலாந்துக்குப் போய் அந்த மேடத்தின் வீட்டில் கேட்டு, கூரையைத் தூக்கிப் பார்க்கலாம். ஆறு கட்டில், ஒரு ஜன்னல், எல்லாம் அப்படியே. நாற்காலி ஒன்றுதான் அதிகம்.