முதுகுக் கம்பியும் பெரியம்மாவின் கதிரையும்

நோய் வருத்தம் பார்க்க வருகிறவர்களுக்கு வருத்தக்காரனே ஏன் கதிரை தூக்கிப் போட வேண்டும்?

உழவு இயந்திரப் பெட்டி கவிழ்ந்ததில் என் கணவரின் முதுகெலும்பு முறிந்தது. முறிவு பொருந்திய பின்னும் இடது கால் நெருப்பாய் எரிந்தது. மகளைக்கூட அவரால் தூக்க முடியவில்லை. கனடாவிலிருந்த அவருடைய அண்ணாவின் உதவியால், கொழும்புக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டு நிபுணர் முள்ளந்தண்டுக்குள் மெல்லிய கம்பியொன்றை வைத்து, அதற்கு மின்சாரம் கொடுக்கும் சிறு பற்றறிக் கருவியைத் தோலின் கீழ்ப் பதித்தார். எரிவு இருந்த இடத்தில் இலேசான கூச்சம் மட்டும் மிஞ்சியது. ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, குனியவோ பாரம் தூக்கவோ கூடாது, கம்பி விலகிவிடும் என்றார்.

வன்னியில் எங்கள் ஊரான விசுவமடுவுக்குத் திரும்பிய மறுநாளே வாழைப்பழமும் பிஸ்கட்டுமாக ஊர் வந்துவிட்டது.

"வன்னிக்குள்ள டோர்ச் பற்றறி கொண்டரவே ஆமி தடை. இவர் முதுகுக்க வைச்சுக் கொண்டந்திட்டார்! என்ர றேடியோவுக்கு ஒண்டு கழட்டித் தாருமன்," என்றார் பக்கத்துக் காணிக்காரர். தன் பகிடிக்குத் தானே சிரித்தார். வேறு யார் சிரிப்பது?

பிறகு கணவரின் பெரியம்மா வந்தார்.

"ஏனடா தம்பி, பெரியாக்களுக்கு ஒரு கதிரை போட ஏலாதோ? கரண்ட் பூட்டினவையோ, ஆணி அடிச்சு இருத்தினவையோ?"

"அவர் குனியக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர், மாமி!" குசினியிலிருந்து ஓடி வந்தேன்.

"டொக்டருக்குப் பெரியம்மா இல்லையாக்கும்."

அதற்குள் இவர் குனிந்து, அந்தப் பாரமான மரக்கதிரையைத் தூக்கிப் போட்டுவிட்டார். பெரியம்மா அமர்ந்தார். தேநீரில் சீனி காணாது என்றார். தான் கொண்டுவந்த பிஸ்கட்டில் பாதியைத் தானே தின்று முடித்து, "வடிவாத்தானே இருக்கிறான்," என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே இவர் விலாவைப் பிடித்தார்.

"கூச்சம் இங்க ஏறிட்டுது. கால் பழையபடி எரியுது. பெரியம்மாட்டச் சொல்லாதையும், மனம் நோவா."

பெரியம்மாவின் மனம்! அதற்கும் ஒரு கம்பி வைக்கலாம், இருக்குமிடம் தெரிந்தால்.

அடுத்த மாதம் கொழும்புக்கு மறுபடி வரும்போது கம்பியைத் திரும்பச் சரியான இடத்தில் வைக்க நிபுணர் சம்மதித்திருக்கிறார். அதுவும் விலகினால் மூன்றாம் முறை கடினமாம். வவுனியாவில் தங்கி ஆறு கிழமையைக் கழிக்கலாமென்றால், அங்கேயும் சொந்தக்காரர் இருக்கிறார்கள். படலையைப் பூட்டினால் படித்த திமிர் என்பார்கள். அந்தப் பேச்சுக்கும் பயப்படுகிற ஆள்தான் நான். முகம் முறியாமல் இந்தப் பெரியவர்களைத் தள்ளி வைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.