உப்புத் தண்ணீருக்குள் போகாத சேதி

தொலைக்காட்சித் தொடரில் நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டன் கத்தினார். உடனே 'டிங்... டிங்...' என்று ஒரு சத்தம் கிளம்பியது. உள்ளே விளக்குகள் எல்லாம் சிவப்பாக மாறின. முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த என் தம்பி சிரித்தான்.

"என்னடா சிரிக்கிறே?"

"பின்ன என்னங்கண்ணா? இப்புடி டிங் டிங்னு அடிச்சா, நாங்க இங்கதான் இருக்கறோம், வந்து குண்டு போடுங்கனு எதிரியக் கூப்புடற மாதிரி. நாங்கெல்லாம் சத்தமே உட மாட்டோம். சும்மா கேட்டுக்கிட்டே இருப்போம்."

"என்ன கேக்கும்?"

"கரையோரம்னா எறா சத்தம். எண்ணெயில கடுகு பொரியற மாதிரி படபடபடன்னு வந்துக்கிட்டே இருக்கும். அதுக்குள்ள இருந்து கப்பலோட சத்தத்தத் தனியா பிரிச்சு எடுக்கோணும்."

இறால் சத்தம் போடும் என்பது எழுபத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

தம்பி கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் குடியிருக்கும் கணபதியில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டியிருக்கிறான். அந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்துவிடுவான். தொடரைவிட எனக்கு அவன் சொல்வதில்தான் ருசி. அவன் பணியில் இருந்த காலம் முழுக்க இதைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இப்போது கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன்.

சிவப்பு விளக்கு ஆபத்துக்கு இல்லையாம். இரவில் பெரிஸ்கோப்பில் பார்க்கப் போகிறவரின் கண் முன்கூட்டியே இருட்டுக்குப் பழக வேண்டுமே, அதற்காம். கப்பலில் மூன்று பேருக்கு இரண்டு படுக்கை. ஒருவன் எழுந்து போன சூட்டில் அடுத்தவன் படுப்பான். குளிக்கத் தண்ணீர் கிடையாது. சில நாள் போட்ட உடுப்பைத் துவைக்காமல் தூக்கி எறிந்துவிடுவார்கள். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும் என்பதால் ஆழத்தில் பேட்டரியில்தான் ஓட்டம். பேட்டரி இறங்கினால் மேலே வந்து, ஒரு குழாயை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி, எஞ்சினை ஓட்டி ஏற்றிக்கொள்ள வேண்டும். காலை, மாலை என்று ஒன்றும் தெரியாது. தட்டில் இட்லி வந்தால் காலை.

நான் என்ஜினியரிங் படித்தவன். பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் முப்பத்தைந்து வருடம் இருந்தேன். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்குள் ஓடுவது எதுவானாலும் அது சப்மெர்சிபிள் பம்புதான். தம்பி சப்மரைனில் சேர்ந்த புதிதில் சொந்தக்காரர் ஒருவர் என்னிடம், "உங்க தம்பி சப்மெர்சிபிள்ல இருக்கறாருங்களாமா? எங்க தோட்டத்து மோட்டார்ல காயில் போயிருச்சுங்க. லீவுல வந்தா ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஆனால் என் மனதில் இருந்த படமும் அதுதான். ஆயிரம் அடி போர்வெல்லில் பம்பை இறக்கினாலும் மேலே ஒரு ஒயர் வரும். பேனலில் மீட்டர் முள்ளைப் பார்த்தே கீழே தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் சுற்றுகிறதா, சிக்கிக்கொண்டதா என்று சொல்லிவிடுவேன். எத்தனை ஆழத்தில் இருந்தாலும் மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பதற்கும் ஒரு தொடர்பு இருக்கும். அது என் தொழில் எனக்குக் கொடுத்த நம்பிக்கை.

ஒரு சனிக்கிழமை தொடரின் நாயகன் நடுக்கடலின் அடியிலிருந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மாவோடு போனில் பேசி அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"எத்தன அடி ஆழம் வரைக்கும்டா போன் எடுக்கும்?" என்றேன்.

தம்பி காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "எடுக்காதுங்கண்ணா. உப்புத் தண்ணி ரேடியோ அலைய முழுங்கிரும். ரொம்ப நீளமான அலை மட்டும் கொஞ்ச ஆழத்துக்கு வரும். அதப் புடிக்கறதுக்குப் பின்னால ஒரு நீள ஒயர இழுத்துக்கிட்டே போவோம். அதுலயும் நாலு வார்த்தைதான் வரும். பதில் சொல்லோணும்னா ஏரியல் கம்பிய மேல தூக்கோணும். தூக்கினா நாம இருக்கற எடம் தெரிஞ்சு போயிரும்."

"அப்ப ஊட்டுச் சேதியெல்லாம்?"

"வந்தாலும் கேப்டனோட நின்னுரும். எங்க கப்பல்ல கரை சேர்ற வரைக்கும் சொல்ல மாட்டாங்க. திரும்பிப் போக முடியாதவங்கிட்டச் சொல்லி என்ன பண்றது? அழுதுக்கிட்டே அவன் ஒரு வால்வத் தப்பாத் தொறந்தா அத்தன பேரும் போச்சு." டிவியைப் பார்த்தபடியே தொடர்ந்தான். "அம்மா சேதிய எனக்கு இருவத்திமூணு நாள் கழிச்சு, கப்பலக் கரையில கட்டினதுக்கு அப்பறந்தான் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுமே. நீங்கதான எங்க தளத்துக்குப் போன்ல பேசினது."

ஆமாம், நான்தான் பேசினேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்ப வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளைய மகன். அம்மா இறந்த அன்று தம்பியின் தளத்துக்குப் போன் செய்தேன். எடுத்த அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். கப்பல் கடலில் இருக்கிறது, திரும்பியதும் சொல்கிறோம் என்றார். நான் அதைச் சாக்கு என்று நினைத்தேன். மனசு வைத்தால் சொல்லலாமே, ஒரு ஒயர் கூடவா இருக்காது என்ற கோபம். வாசலில் எங்கள் அக்கா, "தம்பிக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டாள். சுற்றிலும் சொந்தபந்தம் நின்றது. "சொல்லியாச்சு. வர முடியலியாமா" என்றேன்.

சொல்கிறோம் என்பதைச் சொல்லியாச்சு என்று மாற்றினேன். 'வர முடியலியாமா' என்பது முழுக்க நானே சேர்த்தது. கொள்ளியை நானே வைத்தேன். அம்மா செல்லம் கொடுத்து வளர்த்தவன் வரவில்லை, நான்தான் செய்தேன் என்று ஊர் பேசியது. அது எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

அக்கா பதினெட்டு வருடமாகத் தம்பியிடம் பேசவில்லை. அவன் சென்னிமலையில் அவள் வீட்டுக்குப் போனால் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ரேடியோ அலை உப்புத் தண்ணீரில் செல்லாது என்பது நான் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்த பாடம்தான். வேண்டும்போது அது என் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வர நான் விடவுமில்லை.

டிவியை நிறுத்தினேன். அக்காவிடம் அன்று நான் சொன்னதைத் தம்பியிடம் சொன்னேன்.

"தெரியுமுங்க" என்றான். "கரைக்கு வந்து மொதத் தடவ போனப்ப, சேதி கெடச்சும் வராதவன் தானன்னு அக்கா கேட்டுச்சு. அதுதான் கடைசிப் பேச்சு. அப்பவே புரிஞ்சுபோச்சு. கோவத்துல சொல்லிப்போட்டீங்கன்னு இருந்தேன். நீங்களே ஒரு நாளு சரி பண்ணீருவீங்கன்னு பாத்தேன்." ரிமோட்டை என் பக்கம் தள்ளி, "மறுபடி போடுங்கண்ணா, அந்த டிங் டிங்காரன் என்ன ஆனான்னு பாக்கலாம்" என்றான்.

மறுநாள் காலை சென்னிமலைக்குப் பஸ் ஏறினேன். அக்கா முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். அவள் கை நின்றது.

"அப்ப அவனுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதுக்கா. இருவத்திமூணு நாள் கழிச்சுத்தான்..."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"படிச்சவன் சொல்றான்னு உன்னய நம்புனேன் பாரு. என்ற வாசல்ல வந்து நின்னவனுக்கு ஒரு வாய் சோறு போடல நானு." முறத்தைத் தள்ளி வைத்தாள். "அவனுக்குப் போனப் போட்டுக் குடுத்துப்போட்டு நீ வெளிய போ."

போட்டுக் கொடுத்தேன். வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். எதிர்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. ஜன்னல் பக்கம் நகர நினைத்து, அந்த உரிமை எனக்கில்லை என்று நின்றுவிட்டேன். நெடுநேரம் கழித்துத் தறி ஓய்ந்தது. அப்போது அக்காவின் குரல் தானாக வந்து விழுந்தது. அழுது ஓய்ந்த குரல்.

"ஏங்கண்ணு, அத்தன பேரு உள்ள அடைஞ்சு கெடந்தா கக்கூசுக்கு எங்கடா போவீங்க?"

அவன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "அட கருமமே!" என்று அக்கா சிரித்தாள். இத்தனை சனிக்கிழமைகளில் எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி அது. பதில் இன்னும் எனக்குத் தெரியாது.

போனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். சாப்பிட்டுப் போ என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் அவள் தம்பி வீட்டுக்கு வந்து நான்கு நாள் தங்கப்போகிறாள் என்பதைத் தம்பிதான் சொன்னான். அவள் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று நான் அவனிடம் கேட்கவில்லை.